கிம்ப் மென்பொருளில் செருகுநிரல்களின் மொழியடையாளம்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கிம்ப் என்னும் கட்டற்ற படத்திருத்த மென்பொருளின் செருகுநிரல்கள் சி, ஸ்கீம், பைத்தான், பெர்ல் முதலிய பல மொழிகளில் எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரு செருகுநிரல் எம்மொழியில் ஆனது என்பதைப் பயனர் அறிவதற்கு இருந்த அடையாளங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மறைந்தன, அம்மறைவால் விளைந்தது என்ன என்பவற்றை 1997 முதல் 2025 வரையிலான பதிப்புகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மொழி என்பது மென்பொருளின் பதிவுகளில் ஒருபோதும் முறையாகக் குறிக்கப்படவில்லை. வழக்கத்தால் ஒட்டிக்கொண்ட சில தடயங்களே அடையாளமாக நின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கிம்ப், செருகுநிரல், குறுநிரல், ஸ்கிரிப்ட்-ஃபூ, பைத்தான்-ஃபூ, வரிமொழிமாற்றி

முன்னுரை

படத்திருத்த மென்பொருளில் ஓர் உருவத்திற்கு நிழல் சேர்க்கும் கட்டளையை அழுத்துபவருக்கு, அக்கட்டளை எந்த நிரல்மொழியில் எழுதப்பட்டது என்பது வேண்டாத செய்தி. நிழல் விழுந்தால் போதும். ஆனால் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் அக்கட்டளை பட்டியிலிருந்து காணாமற் போயிருந்தால், அல்லது அழுத்தியவுடன் பிழைச்செய்தி தந்து நின்றுவிட்டால், முதலில் விடை காண வேண்டிய கேள்வி அதுவே. எந்த மொழி என்று தெரிந்தால்தான் கோப்பை எந்தக் கோப்புறையில் இடுவது, எந்த வரிமொழிமாற்றியை நிறுவுவது, எதைத் திருத்துவது என்பன புலப்படும். பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த கருவிகள் பயனின்றிப் போனதும் மீட்கப்பட்டதும் பலமுறை இந்த ஒரு கேள்வியைச் சார்ந்தே அமைந்தன.

ஸ்கிரிப்டிங் மொழி எனப்படுவது இக்கட்டுரையில் குறுநிரல் மொழி என்றும், அம்மொழியில் எழுதிய கோப்பு குறுநிரல் என்றும் சுட்டப்பெறுகின்றன. குறுநிரலைக் கணினி நேரே இயக்குவதில்லை. அதனை வரிவரியாகப் படித்து இயக்க வரிமொழிமாற்றி என்னும் மற்றொரு நிரல் வேண்டும். சி மொழியில் எழுதிய நிரலோ முன்கூட்டியே பொறிமொழியாக மாற்றப்பட்டுவிடுவதால் அத்தகைய துணை வேண்டுவதில்லை. பின்வரும் வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே இயங்குகிறது.

செயல்முறைத் தரவுத்தளமும் பதியப்படாத மொழியும்

கிம்ப், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரால் 1995இல் தொடங்கப்பெற்றது. 1996இல் வெளியான 0.54 பதிப்பிலேயே செருகுநிரல்களுக்கு இடமிருந்தது. ஆயினும் குறுநிரல்களுக்கு வழி திறந்தது 1997இல் வந்த 0.99 பதிப்பு. செயல்முறைத் தரவுத்தளம் என்னும் அமைப்பும், அதன்மேல் இயங்கும் ஸ்கிரிப்ட்-ஃபூ என்னும் நீட்டிப்பும் அப்பதிப்பில் இடம்பெற்றன. குங்ஃபூ என்னும் சொல்லை ஒட்டி விளையாட்டாக இட்ட இப்பெயரின் பின்பாதி, பின்னர் வந்த பைத்தான்-ஃபூ, பெர்ல்-ஃபூ ஆகியவற்றுக்கும் குடும்பப் பெயர்போல் ஆயிற்று.

செயல்முறைத் தரவுத்தளம் என்பது மென்பொருள் செய்யவல்ல எல்லாச் செயல்களின் பதிவேடு. புதிய படத்தை உருவாக்குவது, அடுக்கைச் சேர்ப்பது, மங்கலாக்குவது என ஒவ்வொன்றும் அதில் ஒரு பெயருடன் பதிவாகியிருக்கும். அப்பெயரைச் சொல்லி எம்மொழியிலிருந்தும் அச்செயலை அழைக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் செயலின் விளக்கம், எழுதியவர், உரிமை, நாள், ஏற்கும் மதிப்புகள், திருப்பித்தரும் மதிப்புகள் ஆகியவற்றுக்கு இடமுண்டு. மொழிக்கு இடமில்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. செருகுநிரல்களைக் கிம்ப் தனித்தனி இயக்கங்களாகத் தொடங்கி, ஒரு குழாய்வழியே செய்தி பரிமாறிக்கொள்கிறது. குறித்த முறையில் செய்தி அனுப்பும் எக்கோப்பும் அதற்குச் செருகுநிரலே. மறுமுனையில் பேசுவது சி மொழியா பைத்தானா என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பல மொழிகளுக்கு இடங்கொடுத்த பெருந்தன்மையும், எம்மொழி என்பதை மறந்த அலட்சியமும் ஒரே வடிவமைப்பின் இரு விளைவுகள்.

ஓலைச்சுவடியில் நாள் குறிக்கப்படாதபோது எழுத்தமைதியையும் ஓலையின் தன்மையையும் கொண்டு காலத்தைக் கணிப்பது சுவடியியலார் வழக்கம். கிம்ப் செருகுநிரல்களின் மொழியை அறிவதும் ஏறக்குறைய அத்தகைய முயற்சியாகவே இருந்துள்ளது.

முதல் அடையாளம்: பட்டி

தொடக்கப் பதிப்புகளில் இக்கணிப்புக்குத் தேவை எழவில்லை. மொழியின் பெயர் பட்டியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஸ்கீம் மொழிக் குறுநிரல்கள் ஸ்கிரிப்ட்-ஃபூ என்னும் பட்டியின் கீழ் நின்றன. ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ் 1990களின் இறுதியில் உருவாக்கிய பைத்தான் இணைப்பைக் கொண்டு எழுதியவை பைத்தான்-ஃபூ என்னும் பட்டியில் சேர்ந்தன. மார்க் லேமன் உருவாக்கிய பெர்ல் இணைப்பு 1.2 பதிப்புடன் சேர்ந்தே வந்தது, 2.0 பதிப்பில் அது தனித்தொகுப்பாகப் பிரிக்கப்பட்டது. எனவே 2004இல் வெளியான 2.0, 2.2 பதிப்புகளைத் திறந்த ஒருவர், நிழலைச் சேர்க்க விரும்பினால் அது வடிகட்டிகளின் கீழ் இருக்குமா, ஸ்கிரிப்ட்-ஃபூவின் கீழ் இருக்குமா என்று அறிந்திருக்க வேண்டியிருந்தது.

இது பயனருக்குத் தொல்லை என்பதில் ஐயமில்லை. நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்காமல் அச்சகவாரியாக அடுக்கியதற்கு ஒப்பான ஏற்பாடு அது. 2007 அக்டோபரில் வந்த 2.4 பதிப்பு இதனை மாற்றியது. ஸ்கிரிப்ட்-ஃபூவின் கீழ் இருந்த நிழல் வடிகட்டிகளின் ‘ஒளியும் நிழலும்’ என்னும் பகுதிக்குச் சென்றது. பிறவும் அவ்வாறே செயலுக்கேற்ற இடங்களில் கலந்தன. செய்யும் செயலால் வகுப்பதே முறை, எழுதிய மொழியால் வகுப்பதன்று என்னும் கொள்கை சரியானதே. ஆனால் பட்டியிலிருந்து எடுத்த தகவலுக்கு மாற்றிடம் எதுவும் தரப்படவில்லை. தரவுத்தளத்தில் மொழிக்கென ஒரு பதிவுப்புலத்தை அப்போதே சேர்த்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை.

ஊழ்வினைபோல, மொழியடையாளத்தை மறைத்த அதே பதிப்புதான் மொழியடையாளம் மிகவும் வேண்டப்பட்ட பதிப்பாகவும் அமைந்தது.

2007: வரிமொழிமாற்றியின் மாற்றம்

2.2 வரை ஸ்கிரிப்ட்-ஃபூவின் உள்ளே இயங்கியது ஜார்ஜ் கேரட் எழுதிய எஸ்.ஐ.ஓ.டி. என்னும் சிறிய ஸ்கீம் வரிமொழிமாற்றி. 2.4 பதிப்பு அதனை நீக்கி டைனிஸ்கீம் என்பதை அமர்த்தியது. இரண்டும் ஸ்கீம் மொழியையே படிப்பவை; எனினும் மொழியின் நெறிகளைக் கடைப்பிடிப்பதில் வேறுபட்டன. முன்னது தளர்ச்சி மிக்கது. முறையாக அறிவிக்கப்படாத மாறிக்கு ‘செட்!’ என்னும் கட்டளையால் மதிப்பு இட்டால், அது மறுப்பின்றி அம்மாறியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். டைனிஸ்கீம் அதனை ஏற்காது. கட்டுறாத மாறி என்று பிழை காட்டி நின்றுவிடும். குறுநிரல் எழுதியோர் பலர் நிரலாளர் அல்லர், படக்கலைஞர். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதியதால், இத்தளர்ச்சி ஒரு நடைமரபாகவே பரவியிருந்தது. அக்குறுநிரல்கள் ஒரே நாளில் செயலற்றுப் போயின.

பிழைச்செய்தியேனும் தந்து நின்றவை நல்லவை. வேறு சில வாய்திறவாமல் தவறான விளைவைத் தந்தன. எஸ்.ஐ.ஓ.டி. வெற்றுப்பட்டியலைப் பொய் என்று கொள்ளும். டைனிஸ்கீம் செந்நெறி ஸ்கீமைப் பின்பற்றி அதனை மெய் என்று கொள்ளும். பட்டியல் தீரும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று எழுதிய குறுநிரல், பட்டியல் தீர்ந்த பின்னும் தொடர முற்பட்டது. பழைய பெயர்களிலான சில செயற்கூறுகளைப் புதிய வரிமொழிமாற்றியின்மேல் மீண்டும் வரையறுத்துத் தரும் ஒத்திசைவுக் கோப்பு ஒன்று கிம்புடன் வழங்கப்பட்டது. அது பெயர்களைக் காத்தது. நெறி வேறுபாட்டைக் காக்க அதனால் இயலவில்லை.

இந்நிலையில் தம் கருவி ஏன் நின்றது என்று அறிய முயன்ற பயனருக்கு அது ஸ்கீம் குறுநிரல் என்பதே தெரியாது. பட்டி அதனைச் சொல்வதை நிறுத்திவிட்டது. சி மொழிச் செருகுநிரலும் அதன் பக்கத்திலேயே, அதே தோற்றத்தில், குறையின்றி இயங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சிய தடயங்கள்

பட்டி மௌனமான பின் மொழியைக் கண்டறிய உதவியவை நான்கைந்து தடயங்கள். அவற்றுள் எளியது உரையாடல் சாளரத்தின் தலைப்பு. 2.x வரிசையில் ஸ்கீம் குறுநிரல் திறக்கும் சாளரத்தின் தலைப்பில் ‘ஸ்கிரிப்ட்-ஃபூ’ என்னும் முன்னொட்டு நின்றது. பைத்தான் இணைப்பு தானே உருவாக்கும் சாளரமோ செயல்முறையின் பெயரையே தலைப்பாகக் காட்டியது. இரண்டுமின்றித் தனக்கெனச் செதுக்கிய முன்னோட்டப் பகுதியுடன் சாளரம் தோன்றினால் அது பெரும்பாலும் சி மொழியில் ஆனது. பெரும்பாலும் என்பதே இங்குச் சொல்லத்தக்கது. பைத்தானிலும் அத்தகைய சாளரத்தை எழுத முடியும்.

அடுத்தது பெயர். தரவுத்தளத்தில் ஸ்கீம் குறுநிரல்கள் ‘ஸ்கிரிப்ட்-ஃபூ’ என்றும், பைத்தானில் ஆனவை ‘பைத்தான்-ஃபூ’ என்றும் தொடங்குவது வழக்கம். பைத்தான் இணைப்பு இம்முன்னொட்டை ஆசிரியர் மறந்தாலும் தானே சேர்த்தது. ஸ்கீமில் அது ஆசிரியரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது, மீறியோர் உண்டு. பெயர்களின் உள்ளே நிற்கும் இணைப்புக்கோடும் ஒரு வரலாற்றுத் தடயமே. ஸ்கீமில் பெயரின் நடுவே இணைப்புக்கோடு வரலாம். பைத்தானும் சி மொழியும் அதனைக் கழித்தல் குறியாகப் படிக்கும். ஆதலால் ஒரே செயல்முறை ஸ்கீம் குறுநிரலில் இணைப்புக்கோட்டுடனும் மற்றவற்றில் அடிக்கோட்டுடனும் எழுதப்படுகிறது. துண்டாகக் கிடைக்கும் நிரல்வரி எம்மொழிக்குரியது என்று காண இதுவே போதுமானது. ஏற்கும் மதிப்புகளின் வகைப்பெயர்கள் ஸ்கீமில் எஸ்.எஃப். என்றும், பைத்தானில் பி.எஃப். என்றும் தொடங்குவதும் அத்தகையதே.

ஆயினும் உறுதியான சான்று பெயரிலோ தோற்றத்திலோ இல்லை. இயங்கும் முறையில் உள்ளது. கிம்பின் செயல்முறை உலாவியில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வகை காட்டப்பெறும்: உள்செயல்முறை, செருகுநிரல், நீட்டிப்பு, தற்காலிகச் செயல்முறை என்பன அவ்வகைகள். பைத்தானில் எழுதியது செருகுநிரல் என்று பதிவாகும். சி மொழியில் எழுதியதும் அவ்வாறே. ஸ்கீம் குறுநிரல் மட்டும் தற்காலிகச் செயல்முறை என்று பதிவாகும். காரணம், 2.x வரிசையில் ஸ்கீம் குறுநிரல் செருகுநிரலே அன்று. செருகுநிரலாக இருப்பது ஸ்கிரிப்ட்-ஃபூ என்னும் சி மொழி நிரல் ஒன்றே. கிம்ப் தொடங்கும்போது அது எழுந்து, குறுநிரல் கோப்புறையில் உள்ள கோப்புகளையெல்லாம் படித்து, அவற்றின் பெயரால் செயல்முறைகளைப் பதிவு செய்து, கிம்ப் மூடும்வரை விழித்திருக்கும். நூறு குறுநிரல்கள் இருந்தாலும் இயங்குவது ஒரே இயக்கம். பைத்தானில் எழுதிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயக்கத்தைப் பெறும்.

அன்றாடக் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர் இங்குள்ளது. ‘எஸ்.சி.எம்.’ என்னும் பின்னொட்டுடைய கோப்பைச் செருகுநிரல் கோப்புறையில் இட்டவரும், ‘பி.ஒய்.’ கோப்பைக் குறுநிரல் கோப்புறையில் இட்டவரும் தம் கட்டளையைப் பட்டியில் காணவில்லை. லினக்ஸில் பைத்தான் கோப்புக்கு இயக்க அனுமதி தர வேண்டும். ஸ்கீம் கோப்பு வெறுமனே படிக்கப்படுவதால் அதற்கு அது வேண்டா. செருகுநிரல்களின் விவரங்களைக் கிம்ப் சேமித்துவைக்கும் ‘பிளகின்ஆர்சி’ என்னும் கோப்பில் பைத்தான் கோப்புகள் ஒவ்வொன்றும் முகவரியுடன் இருக்கும். ஸ்கீம் குறுநிரல்கள் அங்குத் தேடினும் கிடையா. (அக்கோப்பே ஸ்கீம்போல் முழுவதும் பிறைக்குறிகளால் எழுதப்பட்டிருப்பது வேடிக்கை, அது ஸ்கீம் நிரலன்று.) பயனுரைகள் குறுநிரல் என்றும் செருகுநிரல் என்றும் பிரித்துப் பேசும்போது அது மொழிப்பிரிவு போலத் தோன்றினாலும், உண்மையில் யாருடைய இயக்கத்தில் வாழ்கிறது என்னும் பிரிவே ஆகும். பிரான்சின் கான் நகரிலுள்ள கிரேக் ஆய்வகத்தில் உருவான ஜிமிக் இதனை நன்கு காட்டும். அதன் நூற்றுக்கணக்கான வடிகட்டிகள் அதற்கே உரிய குறுநிரல் மொழியில் எழுதப்பட்டவை. கிம்ப் காண்பதோ சி++ மொழியில் ஆன ஒரே செருகுநிரல்.

மொழி எங்கேனும் எழுத்தில் குறிக்கப்படுகிறதா என்றால், ஓரிடத்தில் மட்டும் உண்டு. லினக்ஸில் குறுநிரலின் முதல் வரியே அதனைப் படிக்க வேண்டிய வரிமொழிமாற்றியைச் சுட்டும். விண்டோஸில் அவ்வழக்கம் இல்லாமையால், எந்தப் பின்னொட்டுக்கு எந்த வரிமொழிமாற்றி என்று கூறும் சிறு கோப்புகளைத் தனிக் கோப்புறையில் கிம்ப் வைத்துள்ளது. பயனர் கண்ணில் படும் இடமன்று அது.

2020: இரண்டாம் முறிவு

பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் நாளுடன் முடிந்தது. 2018இல் வெளியான கிம்ப் 2.10 பைத்தான் 2ஐயே நம்பியிருந்தது. லினக்ஸ் வழங்கல்கள் பைத்தான் 2ஐ நீக்கத் தொடங்கியபோது கிம்பின் பைத்தான் இணைப்பும் உடன் நீங்கியது. 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04 அவற்றுள் ஒன்று. விண்டோஸ் நிறுவியில் பைத்தான் 2.7 உடன்வைக்கப்பட்டிருந்தமையால் அங்கு எதுவும் மாறவில்லை. ஒரே கிம்ப் பதிப்பு, ஒரே செருகுநிரல் கோப்பு. ஒரு கணினியில் இயங்கியது, மற்றொன்றில் சுவடின்றி மறைந்தது. 2007இல் பிழைச்செய்தியேனும் வந்தது. இம்முறை அதுவும் இல்லை: வரிமொழிமாற்றி இல்லாத குறுநிரல் தன்னைப் பதிவு செய்துகொள்ளவே இயலாது, பதிவாகாதது பட்டியில் தோன்றாது. காணாமற் போனவையெல்லாம் பைத்தானில் ஆனவை என்னும் பொதுத்தன்மையைக் கண்டால் காரணம் உடனே விளங்கும். அதைக் காண்பதற்கான குறி பட்டியிலிருந்து அகன்று பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பயனர்கள் தம் செருகுநிரல்களைப் பகிர்ந்துகொண்ட கிம்ப் செருகுநிரல் பதிவகமும் மூடப்பட்டுவிட்டமையால், மூலக்கோப்பைத் தேடி மொழியைச் சரிபார்க்கும் வழியும் பலருக்கு அடைபட்டது.

நிழல் சேர்க்கும் கட்டளையின் கதை இங்குக் குறிப்பிடத்தக்கது. 2.10 பதிப்பில் அது பட்டியில் இருமுறை தோன்றியது: ஒன்று ஜெகல் என்னும் படச்செயலாக்க நூலகத்தின்மேல் புதிதாக எழுதியது, மற்றொன்று ‘பழையது’ என்னும் பொருள்தரும் அடைமொழியுடன் நின்ற ஸ்கீம் குறுநிரல். மொழியைச் சொல்லாமல் வயதைச் சொல்லிப் பிரித்தது அவ்வடைமொழி. இரண்டும் ஏன் உள்ளன என்பது அதனால் விளங்கவில்லை.

கிம்ப் 3.0: கலையும் எல்லைகள்

2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில் பழைய தடயங்கள் பல செல்லாதவையாயின. பைத்தான் 2 இணைப்பு அகற்றப்பட்டு, ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் என்னும் பொதுவழி அமைந்தது. அவ்வழியே பைத்தான் 3, லுவா, ஜாவாஸ்கிரிப்ட், வாலா ஆகியவற்றில் எழுதலாம். ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரிலேயே அமைந்த தனிக் கோப்புறையில் இருத்தல் வேண்டும். பழைய பைத்தான் கோப்பையும் புதியதையும் ஒரு பார்வையில் பிரிக்கலாம்: முன்னது ‘கிம்ப்ஃபூ’ என்னும் தொகுதியை அழைத்துத் தொடங்கும், பின்னது ‘ஜிஐ’ தொகுதியின் வழியே கிம்பை அழைக்கும். முன்னது 3.0இல் இயங்காது.

ஸ்கீமில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. குறுநிரலின் முதல் வரியில் ஸ்கிரிப்ட்-ஃபூ வரிமொழிமாற்றியைச் சுட்டிச் செருகுநிரல் கோப்புறையில் இட்டால், அது இப்போது தனக்கென ஓர் இயக்கத்தைப் பெறும் முழுச் செருகுநிரலே ஆகும். குறுநிரல் கோப்புறையில் இடும் பழைய முறையும் நீடிக்கிறது. ஆகவே தற்காலிகச் செயல்முறை என்னும் வகையைக் கொண்டு ஸ்கீமை உறுதி செய்யும் வழி இனி எப்போதும் பயன்படாது. மேலும் ஒரே ஸ்கீமுக்குள் இரு வழக்குகள் தோன்றியுள்ளன. பழைய வழக்கில் தரவுத்தளச் செயல்முறை தரும் ஒற்றை மதிப்பும் பட்டியலாகவே வரும். ‘கார்’ என்னும் செயற்கூறால் அதனை எடுக்க வேண்டும். புதிய வழக்கை ஏற்பதாக ஒரு வரி எழுதிய குறுநிரலில் அம்மதிப்பு நேரே வரும். அந்த ஒரு வரியைப் பாராமல் இரண்டின் பகுதிகளையும் ஒட்டினால் நிரல் பிழைபடும். மொழிகளைப் பிரித்தறியும் சிக்கல் ஒரு மொழியின் உள்ளேயே புகுந்துவிட்டது.

3.0இல் வடிகட்டிகளின் ‘உருவாக்கம்’ என்னும் பகுதிக்குள் ஆட்டுப் பயிற்சிகள் என்று வேடிக்கையாக அழைக்கப்படும் எடுத்துக்காட்டுச் செருகுநிரல்கள் உள்ளன. ஒரே செயலைப் பல மொழிகளில் எழுதிக்காட்டுபவை அவை. ஒவ்வொன்றின் பெயரிலும் அதன் மொழி உண்டு, திறந்தால் அதன் மூலநிரலும் சாளரத்திலேயே தெரியும். பைத்தான், ஸ்கிரிப்ட்-ஃபூ கட்டளைச் சாளரங்களை விட்டால், மொழியின் பெயரைப் பட்டியில் வெளிப்படையாகக் காட்டுபவை இப்பயிற்சி நிரல்களே. அவை எழுதப்பட்டது செருகுநிரல் எழுதுவோருக்காக. செருகுநிரலைப் பயன்படுத்துவோருக்காக அன்று.